அய்யனாருக்கு வைத்த ஏழாவது பை

1

இந்தத் தையோடு நான் ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஒன்பது வருஷம் முடிந்தது. மெல்போர்னுக்கு மேற்கே, ரயில் நின்று திரும்புகிற கடைசி ஸ்டேஷனுக்குப் பக்கம் எங்கள் வீடு. என் மனைவி செல்வி இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் படிப்புக்குத்தான் விசா கிடைத்தது. நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ராஜபாளையத்தில் பத்தாவது முடித்து, நூல் மில்லில் பதினாலு வருஷம் நின்றேன். இங்கே ரொட்டி ஆலையில், பையில் ரொட்டி விழுகிற மிஷினில் நிற்கிறேன். நிற்பது மாறவில்லை.

வருஷம் தவறாமல் தையில் வீட்டில் அம்மனுக்கு முளைப்பாரி போடுவோம். ஒன்பது தானியத்தைத் தட்டில் மண் பரப்பி விதைத்து, துணி போட்டு இருட்டில் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்த்து, வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்கு முன்னால் எடுத்து வைப்பது. முளை தழைத்தால் அந்த வருஷம் வீடு தழைக்கும். அது எங்கள் நம்பிக்கை. இந்த வருஷம் நாலாம் நாள் துணியைத் தூக்கிப் பார்த்தால் முளை இல்லை. ஊறிப்போன பயறு வாடைதான் அடித்தது. செல்விக்கு முகமே செத்துப்போயிற்று. என்ன குற்றம் பண்ணினோம் என்று இரண்டு பேரும் யோசித்து யோசித்துப் பார்த்தோம்.

எங்கள் மகள் கார்த்திகாவுக்குப் பதினைந்து வயசு. அவள் குப்பைத் தொட்டியிலிருந்து தானியம் வந்த பாக்கெட்டுகளை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தாள்.

"அப்பா, சாமிக்கு ஒண்ணும் கோவம் இல்ல. இது டெட் சீட்."

"செத்த விதையா?"

"ஹீட் பண்ணி கில் பண்ணிட்டாங்க. இங்க குட்டியா போட்டிருக்கு பாரு."

வெளிநாட்டிலிருந்து வருகிற தானியத்தோடு நோய், களை எதுவும் வந்துவிடக் கூடாது என்று சூடு காட்டி உயிரை எடுத்துத்தான் உள்ளே விடுகிறார்களாம். அது சரிதான். அவர்கள் மண்ணை அவர்கள் காக்கிறார்கள். போன வருஷம் வரைக்கும் தெருமுனையில் ஒரு குஜராத்திக்காரர் கடை வைத்திருந்தார். உள்ளூர்ப் பண்ணையில் விளைந்த தானியம் அவரிடம் கிடைக்கும். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் 'இந்திய உணவு' என்று ஒரு வரிசை திறந்து, ஆறே மாசத்தில் அவர் கடையை மூடிவிட்டார். இப்போது பருப்பு, பயறு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிசைதான். அம்மனுக்கும் அந்த வரிசைதான்.

வந்த முதல் வருஷம் நானே ஊரிலிருந்து நவதானியம் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா மரியாதையாகத்தான் கேட்டார்கள்: இது சாப்பிடவா, நடவா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "பார் காட்" என்றேன், சாமிக்கு என்று. அந்த அம்மா தன் தாளைப் பார்த்தார்கள். அதில் இரண்டு கட்டம்தான் இருந்தது. சாமிக்குக் கட்டம் இல்லை. தானியம் குப்பைக்குப் போயிற்று.

2

முளைப்பாரி கெட்ட அன்றைக்குத்தான் அக்கா போன் பண்ணினாள். மதியம் இரண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடியும்போது ஊரில் காலை எட்டரை. அது அவளுக்குத் தெரியும்.

அக்கா பேச்சியம்மாளைக் கட்டிக் கொடுத்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பு போகிற வழியில் ஒரு சின்ன ஊரில். மழையை நம்பி மூன்று ஏக்கர் காட்டில் மக்காச்சோளம் போடுகிறார்கள்.

"தம்பி, காடு மோசம் போச்சுலே."

"பன்னி இறங்கிருச்சா அக்கா?"

"பன்னி இறங்கினாத்தான் பரவாயில்லையே. அது கூட வந்து மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. கதிரு என்னமோ முழங்கைத் தண்டி வச்சிருக்கு. உரிச்சுப் பாத்தா உள்ள முத்து இல்ல. நூறு வயசுக்காரி வாய் மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணு நிக்கி."

அவள் காடு மட்டும் இல்லை. அவளையும் சேர்த்து, அதே விதையை வாங்கிப் போட்ட பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்கும் இதே கதிதான். எல்லோரும் சேர்ந்து ராஜபாளையத்தில் விதை வாங்கின கடைக்குப் போயிருக்கிறார்கள். கடைக்காரர் கம்பெனிக்குப் போன் போட, கம்பெனியிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, வெயில் அதிகம், உரம் பத்தவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"பக்கத்துக் காட்டுல கம்பு நிக்கி, யானை மாதிரி. அதுக்கு மட்டும் வெயில் அடிக்கலையான்னு கேட்டேன். அந்தத் தம்பி சிரிச்சுட்டுப் போறான்" என்றாள் அக்கா.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் விவசாய ஆபீசுக்குப் போனார்களாம். அங்கே மனு வாங்கிக்கொள்ளத் தயார்தான். ஆனால் விதையில்தான் குறை என்று காட்ட, அதே லாட் நம்பர் போட்ட, சீல் உடைக்காத பை ஒன்றாவது வேண்டும். அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்களாம். உடைத்த பை செல்லாது. அதில் யார் என்னத்தைக் கலந்தார்கள் என்று கம்பெனி கேட்கும். நியாயம்தான். ஆனால் விதைக்கிறவன் எவனாவது பையை உடைக்காமல் விதைப்பானா? கடையில் கேட்டால் அந்த லாட்டில் மிச்சம் இருந்ததைக் கம்பெனியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டதாம்.

"எடுத்துட்டுப் போனவன் சும்மாவா எடுத்துட்டுப் போனான்? கோளாறு தெரிஞ்சுதான போனான்? அப்ப எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

அந்த விதையை வாங்கச் சொன்னவனே நான்தான். அக்கா ரொம்ப வருஷமாகக் குதிரைப் படம் போட்ட பைதான் வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக விளைச்சல் குறைகிறது என்றாள். நான் இங்கிருந்துகொண்டு பெரிய மனுஷன் மாதிரி, "ஒரே கம்பெனியைக் கட்டிக்கிட்டு அழாத அக்கா. மாத்திப் பாரு. போட்டி இருந்தாத்தான் அவனுக்குப் பயம் இருக்கும்" என்றேன். நான் சொன்னதைக் கேட்டுத்தான் மயில் படம் போட்ட பைக்கு மாறினாள். அவள் மாறியதைப் பார்த்து மற்றவர்களும் மாறினார்கள்.

3

பையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அக்கா புருஷன், எங்கள் அத்தான், அனுப்பினார். மயில் பை ஒன்று, மாட்டுக் கொட்டகையில் சாணி வாளிக்கு மூடியாகக் கிடந்ததாம். பழைய குதிரைப் பை ஒன்று, பறவை விரட்டக் கம்பில் கட்டியிருந்ததாம். எழுத்து பொடியாக இருந்தது. கார்த்திகா தன் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் வியாபாரப் பாடம் படிக்கிறாள். எங்கள் ஊர் விஷயம் எதையும் இத்தனை அக்கறையாக அவள் பார்த்து நான் பார்த்ததில்லை.

"அப்பா, ஹார்ஸும் பீகாக்கும் சேம் அட்ரஸ்."

"அது எப்படி? வேற வேற கம்பெனியில்லா?"

"பேருதான் வேற. கீழே பாரு, 'மேனுபேக்சர்டு பை'ன்னு போட்டிருக்கு. ரெண்டையும் தயாரிக்கிறது ஒரே ஆளு."

கடையில் இன்னொன்று சூரியன் படம் போட்ட பை விற்கிறார்கள் என்று அத்தான் சொன்னார். அதையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். அதுவும் அதே முகவரிதான். அந்தக் கடையில் வேறு விதை கிடையாது. போன வருஷம் வரைக்கும் தனித்தனியாக இருந்தவற்றையும் இவன் வாங்கிவிட்டானா, முதலிலிருந்தே இவனுடையதுதானா, எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்கள் குதிரையா மயிலா என்று டீக்கடையில் சண்டை போடுவார்கள். குதிரைக்கட்சி, மயில்கட்சி என்று இரண்டு கட்சி. இரண்டு கட்சிக்கும் தலைவன் ஒருவனே.

"சாய்ஸ் மாதிரி காட்டுறாங்க, ஆனா சாய்ஸ் இல்ல. இது டெக்ஸ்ட் புக்ல இருக்குப்பா" என்றாள் கார்த்திகா.

எனக்கு டெக்ஸ்ட் புக் வேண்டாம். எனக்கு வேண்டியது என் மிஷினிலேயே இருந்தது. அதைச் சொன்னால்தான் என் ஆத்திரம் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஆலையில் ஒரே மாவு, ஒரே அடுப்பு. வெந்து வருகிற ரொட்டியில் முதல் இரண்டு மணி நேரம் வெள்ளைப் பையில் போடுவோம். அது மலிவு. பிறகு மிஷினை நிறுத்தி மஞ்சள் பை மாட்டுவோம். அது கொஞ்சம் விலை கூட. அப்புறம் வயல்காடும் களஞ்சியமும் படம் போட்ட பச்சைப் பை. அது இன்னும் விலை கூட. மூன்றும் ஒரே ரொட்டி. பை மாட்டுகிறவன் நான். ஒன்பது வருஷமாக இந்தக் கையால் மாட்டுகிறேன். வீட்டுக்கு வாங்கும்போது நான் வெள்ளைப் பைதான் வாங்குவேன். பச்சைப் பை வாங்குகிறவர்களைப் பார்த்து மனசுக்குள் சிரிப்பேன். அப்படிப்பட்ட நான்தான் என் அக்காவிடம் குதிரையை விட்டு மயிலுக்கு மாறு என்று சொன்னேன். கடவுள் கண்ணைக் கொடுத்தும் பார்க்கத் தெரியாதவனை என்ன சொல்வது?

ஒன்று மட்டும் இங்கே உண்டு. ஒவ்வொரு பையிலும் லாட் நம்பர் அடிப்பதும் என் வேலைதான். ஒருநாள் மாவு மிஷினில் கம்பித்துண்டு ஒன்று உடைந்து விழுந்துவிட்டது. கண்டுபிடிப்பதற்குள் ரொட்டி கடைகளுக்குப் போய்விட்டது. அன்றைக்கு மதியத்துக்குள், அந்த நம்பர் போட்ட ரொட்டி அத்தனையும் திரும்பி வந்தது. வாங்கிக்கொண்டு போனவர்கள் தின்னாமல் கொண்டுவந்து கொடுங்கள் என்று கடை வாசலில் எழுதி ஒட்டினார்கள். முதலாளி நல்லவர் என்பதால் இல்லை. அவரை எனக்குத் தெரியும். ஒட்டாவிட்டால் அரசாங்கம் ஆலையைப் பூட்டிவிடும். அந்தப் பயம்தான். மனுஷனுக்குச் சாமி பயம், கம்பெனிக்கு அரசாங்கப் பயம். இரண்டில் ஒன்றாவது வேண்டாமா?

அந்த விதைக் கம்பெனிக்காரனும் நம்பர் அடித்திருக்கிறான். எங்கள் ரொட்டி மாதிரியே. திருப்பியும் எடுத்திருக்கிறான். கடையில் இருந்ததைத்தான் எடுத்தான். காட்டில் விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

4

லாட் நம்பர் என்றதும்தான் எனக்கு ஏழாவது பை ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் இது. விதைப்பதற்கு முன்னால் விதையில் ஒரு கை அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, வீட்டின் தென்மேற்கு மூலையில் வைப்போம். அது அய்யனாருக்கு. அறுவடை முடிந்ததும் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையில் இருக்கிற அய்யனார் கோவிலுக்குக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்து எடுத்துவந்து, அடுத்த வருஷ விதையோடு கலந்து விதைப்போம். எடுத்து வைத்ததை வேறு எதற்கும் தொடக் கூடாது.

சொந்த விதை இருந்தவரைக்கும் இது சுலபமாக நடந்தது. கம்பெனி விதை வந்ததும் சிக்கல் வந்தது. அதன் மேல் ரோஸ் நிறத்தில் விஷ மருந்து பூசியிருக்கும். பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டில் அதை அள்ளித் துணியில் முடிந்து வைக்க முடியாது. அக்கா என்ன செய்தாள் என்றால், விதைக்க ஆறு பை வாங்கும்போது ஏழாவதாக ஒரு பை வாங்கி, உடைக்காமல் அப்படியே மஞ்சள் துணி சுற்றி அந்த மூலையில் வைத்துவிடுவாள். ஒரு கைக்குப் பதிலாக ஒரு முழுப் பை.

"கம்பெனிக்காரனுக்கு அம்புட்டு ஆளையும் விட அய்யனார்தான் நல்ல கஸ்டமர். காசைக் குடுத்துட்டு விதைக்கவே மாட்டார்" என்று அத்தான் வருஷா வருஷம் சொல்வார்.

நானும் சிரித்தவன்தான். "அந்த விதையை அடுத்த வருஷம் போட்டா ஒழுங்கா விளையாது அக்கா. கம்பெனிக்காரனே பையில கெடு தேதி போட்டிருக்கான்" என்றேன் ஒருதடவை.

"விளையுறதும் விளையாததும் அவர் பாடு. வைக்கிறது என் பாடு" என்றாள்.

பன்னிரண்டு வீட்டிலும், அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதிலும், சீல் உடைக்காமல் அந்த நம்பரில் இருந்த ஒரே பை அதுதான். நான் போனில் சொன்னவுடன் அத்தான் மூலைக்குப் போய்த் துணியை விலக்கிப் பார்த்தார். நம்பர் சரியாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அய்யனாரே காட்டிக்கொடுத்தார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அக்கா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"அது எங்கிட்டக் கேக்காத. என்னுது இல்ல."

"அக்கா, பன்னெண்டு வீட்டுப் பொழப்பு."

"தெரியும்லே. எனக்கு மட்டும் பொழப்பு இல்லையா? அவருக்கு வச்சதை எடுத்து ஆபீசுல குடுத்தா, அவன் கிழிச்சு, தண்ணியில போட்டு, எண்ணிப் பாத்துட்டுத் தூரப் போடுவான். நாளைக்கு வீட்டுல ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா? நீ அங்கருந்து வாரியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கத்திவிட்டேன். ஊரைக் கொள்ளையடிக்கிறவனைப் பிடிக்க ஒரு பிடி கிடைத்திருக்கிறது, அதை நீயே விடுகிறாயே என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். செல்வி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"மதினிகிட்டப் போய் இப்படிப் பேசுதீங்களே. முளைப்பாரி வரலைன்னு நாலு நாளா நீங்க சோறு திங்காம உக்காந்திருக்கீங்க. அவிய மட்டும் சாமி பொருளைத் தூக்கிக் குடுத்துரணுமா?"

அது சரியான அடி.

ஆனால் ஒன்று, அந்த ஒரு வாரமும் எனக்கு ஆத்திரம் அக்கா மேல் இல்லை. இத்தனை பெரிய கம்பெனி, இத்தனை பெரிய சட்டம், இத்தனை பெரிய ஆபீஸ். இவ்வளவும் சேர்ந்து கடைசியில், சாமிக்குப் பயந்த ஒரு பெண்பிள்ளை மூலையில் வைத்த பையில் வந்து நிற்கிறதே என்றுதான் ஆத்திரம். விற்கிற ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பையை அரசாங்கமே எடுத்துப் பூட்டி வைக்கக் கூடாதா? அக்காவுக்குத் தோன்றினது அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? அல்லது அப்படி ஏற்கெனவே விதி இருந்து, அதைக் கேட்கத் தெரியாத கூட்டமாக நாங்கள் இருக்கிறோமா? அதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கம்பெனியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வருஷத்தில் அந்தக் குதிரைப் பை அக்காவுக்கு நாட்டு விதையைவிட நிறையக் கொடுத்தது. அதில்தான் அவள் மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாள். என் சோறும் கம்பெனிச் சோறுதான். விற்கட்டும், லாபம் பார்க்கட்டும். ஆனால் விற்கிறவன் ஒருவனே என்றால், தப்புப் பண்ணினபோது அவன் சட்டையைப் பிடிக்கவும் ஒருவன் வேண்டும். அரசாங்கம் சாமி வேலை பார்க்க வேண்டாம். பைக்குப் பின்னால் இருக்கிற எழுத்தைப் பெரிசாகப் போடச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

5

அடுத்த சனிக்கிழமை அக்கா அய்யனார் கோவிலுக்குப் போனாள். பூக்கட்டிப் பார்க்க. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் வைத்து, மனசில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. தண்ணீர் குறைவாக ஓடின ஆற்றைத் தாண்டி, மற்றப் பதினொரு வீட்டிலிருந்தும் வீட்டுக்கொருவர் கூடப் போயிருக்கிறார்கள்.

வெள்ளை வந்தது.

"ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளையத்தான் மடிச்சிருப்பா. உங்க அக்காளைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தான் போனில்.

பின்னாலிருந்து அக்கா குரல் கேட்டது. "ஆமா, இவுக கூட வந்து பிரிச்சுப் பாத்தாக. ஏலே தம்பி, குடுக்கலாம்னு உத்தரவு ஆயிருச்சு. ஆனா அவருதுன்னு சொல்லித்தான் குடுப்பேன். என்னுதுன்னு சொல்லிக் குடுத்தா அது களவு."

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனார்கள். நானும் வீடியோவில் போனேன். அத்தான் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதால் எனக்கு முக்கால்வாசி மின்விசிறிதான் தெரிந்தது. குரல் எல்லாம் தெளிவாகக் கேட்டது. அதிகாரி சின்ன வயசுப் பெண். பேச்சைப் பார்த்தால் நம் பக்கத்துப் பிள்ளைதான்.

"பையைக் குடுங்கம்மா."

"செத்த இரு தாயி. செருப்பைக் கழட்டிட்டு வாங்கிக்கிடுதியா? சாமிக்கு வச்சது."

நாற்காலி நகர்ந்தது. அத்தான் சட்டைப்பையிலிருந்து என்னை வெளியே எடுத்துக் காட்டினார். அந்தப் பெண் செருப்பை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் மஞ்சள் துணியோடு பையை வாங்கிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணை மூடி நின்றாள்.

பிறகு மனு எழுதினார்கள்.

"விண்ணப்பதாரர் பேரு?"

"அய்யனார்."

"உங்க வீட்டுக்காரர் பேராம்மா?"

"இல்ல தாயி. பை அவருதுன்னா மனுவும் அவருதுதான. நான் தூக்கிட்டு வந்தவ."

"சாமி பேருல எழுத முடியாதும்மா. கையெழுத்து வேணும்ல."

"நான் போடுதேன். கோயில் நிலத்துக்கெல்லாம் சாமி பேருலதான பட்டா இருக்கு? அதுக்கு யாரு கையெழுத்துப் போடுதா?"

அத்தான் இடையில், "எழுதும்மா. நாப்பது வருஷமா நான் மாட்டேன்னு சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். ஆபீசில் யாரோ சிரித்தார்கள்.

அந்தப் பெண் பேனாவைக் கன்னத்தில் தட்டி யோசித்துவிட்டு எழுதினாள். எழுதியதை வாய்விட்டுப் படித்தாள்: "பேச்சியம்மாள், அய்யனார் வகைக்காக, மற்றும் பதினொரு விவசாயிகள்."

"சரியாம்மா?"

"அவருக்குச் சரின்னா எனக்குச் சரி."

விமான நிலையத்தில் எனக்கு இல்லாத கட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காவுக்காக ஒரு பிள்ளை கையால் போடப்பட்டது. சோதனை முடிவு வர நாளாகும் என்று சொல்லி, முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டுக் கொடுத்தார்கள். அதைப் போட்டோ எடுத்து அத்தான் எனக்கு அனுப்பினார். கார்த்திகா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'வகைக்காக' என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். அய்யனார் சார்பாக என்று சொன்னேன்.

"அத்தை ஒரு லாயர்பா" என்றாள்.

6

நாளாகிக்கொண்டே இருக்கிறது. மாசியும் பாதி போய்விட்டது. முளைக்கிறதா என்று ஒரு சோதனை, வேறு ரகம் கலந்திருக்கிறதா என்று பார்க்க வளர்த்துப் பார்க்கிற சோதனை இன்னொன்று என்கிறார்கள். ஆபீசில் கேட்டால் சோதனைக்கூடம் என்கிறார்கள். சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது. காட்டில் நின்றதையெல்லாம் வெட்டி மாட்டுக்குப் போட்டாயிற்று. நானும் இங்கே தினமும் வெள்ளைப் பை, மஞ்சள் பை, பச்சைப் பை மாட்டிக்கொண்டிருக்கிறேன். பச்சைப் பை மாட்டும்போது முன்னைப்போல் சிரிப்பு வருவதில்லை.

போன வியாழக்கிழமை அக்கா வீட்டு முன்னால் கார் வந்து நின்றிருக்கிறது. பைக்கில் வந்தவர் இல்லை. அவருக்கு மேலே உள்ளவர். மணிக்கட்டில் பெரிய கடிகாரம், கையில் ஒரு தாள். சம்பவத்தை அக்கா எனக்கு வரி விடாமல் சொன்னாள்.

உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தாராம். கம்பெனிக்கு விவசாயிகள்தான் தெய்வம் என்றாராம். அடுத்த பருவத்துக்குப் பன்னிரண்டு வீட்டுக்கும் சூரியன் பை இலவசமாகத் தருகிறோம், உரத்துக்கும் கொஞ்சம் உதவி செய்கிறோம், இந்த மனுவை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து என்று தாளை நீட்டினாராம். மற்றவர்களிடம் பேசியாயிற்று, நீங்கள் போட்டால் அவர்களும் போடுவார்கள் என்றாராம். அது உண்மையா என்று தெரியாது. பக்கத்து வீட்டில் இரண்டு பேர் வாசலுக்கு வந்து நின்று, போடுவாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது. இலவசம் என்றால் அடுத்த வருஷ விதைச்செலவு மிச்சம்.

"நீ என்ன சொன்ன அக்கா?" என்றேன்.

"சூரியன் பையும் உங்களுதுதான, மயிலும் உங்களுதுதானன்னு கேட்டேன். எங்க மருமக கார்த்திகா ஆஸ்திரேலியாவுல கண்டுபிடிச்சிட்டான்னேன். அந்தாளு முழிச்சாரு."

"பொறவு?"

"பொறவென்ன. கையெழுத்துப் போட எனக்கு ஒண்ணும் இல்லய்யா, ஆனா மனு என்னுது இல்லன்னேன். சீட்டை எடுத்துக் காட்டினேன். படிச்சுப் பாத்தாரு. 'யாரும்மா இந்த அய்யனார், அவரைக் கூப்பிடுங்க, பேசிக்கிடலாம்'ங்காரு."

அக்கா இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அத்தான்தான் பின்னால் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவரு இங்க வர மாட்டாருய்யா, நீங்கதான் போகணும்னேன். ராசபாளையத்துக்கு மேற்க கார் போற மட்டும் போங்க. பொறவு நடக்கணும். மழை பெஞ்சுதுன்னா பாரஸ்ட்டுக்காரக விட மாட்டாக. வெள்ளைப் பூ கொஞ்சம், செவப்புப் பூ கொஞ்சம் வாங்கிக்கிடுங்க. அவரு வாபஸ் வாங்கச் சொன்னாருன்னா, நான் வாங்கிருதேன்னு சொன்னேன்."

"போனாரா?"

"தெரியல. மேற்க போற ரோடு எதுன்னு மட்டும் கேட்டாரு. காட்டிவிட்டுருக்கேன்."